உரிப்பொருள் மயங்குமா?
அண்மைக்கால அமெரிக்கச் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளின் தொடக்க இதழ்களை முன்வைத்து

ஒரு கதையைத் திரும்பச் சொல்லுதல் தமிழுக்குப் புதியதன்று. வான்மீகத்தில் சீதையைத் தீண்டி எடுத்துச் செல்லும் இராவணன், கம்பனில் அவள் இருந்த பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலம் கம்பனில் முழுப் படலமாக வந்து அமர்கிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' விமோசனம் பெற்ற அகலிகையை மீண்டும் கல்லாக்குகிறது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' (1946) தலைவனையும் எதிர்த்தலைவனையும் இடம் மாற்றி வைக்கிறது. கதை தெரிந்த அவையில் கதை சொல்லப்படும்போது கேட்போர் செவி கொடுப்பது புலவன் எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்பதற்கே.

இத்தகைய கேள்வியை எழுப்பும் இலக்கிய வகையொன்று கடந்த எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் மாதந்தோறும் அச்சாகி வருகிறது. தமிழ்த்துறைகள் அதனைத் திரும்பியும் பார்த்ததில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்பதே நாம் அதற்கு இட்ட பெயர். நம் மாணவருள் பலர் ஐம்பெருங்காப்பியங்களின் கதையை அறிவதற்கு முன்னரே பேட்மேனின் பெற்றோர் எவ்வாறு இறந்தனர் என்பதை அறிந்து வருகின்றனர். அவர்கள் அறிந்துள்ள அக்கதை 2024ஆம் ஆண்டில் இரு பெரும் பதிப்பகங்களால் அடியோடு திருத்தி எழுதப்பட்டது. மார்வெல் நிறுவனம் 'அல்டிமேட்' வரிசையையும், டிசி நிறுவனம் 'அப்சல்யூட்' வரிசையையும் அவ்வாண்டில் தொடங்கின. அவ்வரிசைகளின் தொடக்க இதழ்கள் நான்கனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். 'சூப்பர் ஹீரோ' என்பதற்கு மீவீரர், மீநாயகர் என்றெல்லாம் ஆக்கிப் பார்த்தவர் உளர். படிக்கும் மக்கள் நாவில் அவை ஏறவில்லை. முத்து காமிக்ஸ் (1972), லயன் காமிக்ஸ் (1984) ஆகியவற்றின் வாசகர்கள் 'காமிக்ஸ்' என்றும் 'சித்திரக்கதை' என்றும் இரு சொற்களையும் இடருமின்றி ஆண்டு வந்துள்ளனர். அவ்வழக்கே ஈண்டும் கொள்ளப்படுகிறது.

வழிநூல் என்னும் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூல் ஆகும் வழிகளாகத் தொகுத்தல், விரித்தல், இரண்டும் விரவிய தொகைவிரி, மொழிபெயர்த்தல் ஆகியவற்றைச் சுட்டும். இவ்விலக்கணம் பெரிதும் அறிவுநூல்களை நோக்கி எழுந்தது. கதைக்கு அப்படியே பொருத்துவது பிழையாகலாம் என்பதை ஒப்புக்கொண்டே இதனை எடுத்தாள்கிறேன். எனினும் பொருத்திப் பார்த்தால் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய கதை, 1962 ஆகஸ்டு தேதியிட்ட 'அமேசிங் ஃபேண்டசி' 15ஆம் இதழில் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவராலும் 11 பக்கங்களில் முடிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், மார்க் பேக்லி இருவரும் பழைய 'அல்டிமேட் ஸ்பைடர்மே'னில் அதே 11 பக்கங்களை 7 இதழ்களாக நீட்டினர். இது விரித்தல். கிராண்ட் மாரிசன், ஃபிராங்க் குவைட்லி இருவரும் 2005இல் தொடங்கிய 'ஆல் ஸ்டார் சூப்பர்மே'னின் முதற்பக்கத்தில் சூப்பர்மேனின் பிறப்பு வரலாறு முழுவதையும் நான்கு கட்டங்களில், எட்டே ஆங்கிலச் சொற்களில் கூறிவிட்டனர். இது தொகுத்தல். இத்துறையில் இதைவிடச் செறிந்த ஒரு பக்கத்தை நான் கண்டதில்லை.

மொழிபெயர்த்தலுக்கும் சான்றுண்டு; அது இந்தியாவைச் சார்ந்தது என்பதால் சற்று நின்று நோக்கத்தக்கது. 2004இல் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் ஜே. காங் ஆகியோர் 'ஸ்பைடர்மேன்: இந்தியா'வை நான்கு இதழ்களாக வெளிக்கொணர்ந்தனர். பீட்டர் பார்க்கர் பவித்ர பிரபாகர் ஆனான். நியூயார்க் மும்பை ஆயிற்று. மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள். பென் மாமா பீம் ஆனார். கதிரியக்கச் சிலந்திக்கு மாற்றாக ஒரு யோகி வந்தார். நார்மன் ஆஸ்பார்ன் நளின் ஓபராய் என்னும் பெயரில் அரக்கனாக உருமாறினான். கதாநாயகன் வேட்டி போன்ற கீழாடையோடு கட்டடங்களுக்கு மேல் தாவினான். படைப்பாளர்கள் இதனை வெறும் மொழிபெயர்ப்பெனக் கூறாமல் மறுபடைப்பு என்றே அழைத்தனர். அவ்வுரிமையை அவர்களுக்கு மறுப்பதற்கில்லை. ஆயின் அந்நான்கு இதழ்களையும் அண்மையில் மீண்டும் படித்தபோது தோன்றிய மனக்குறையைச் சொல்லாமல் விடவும் இயலவில்லை. யோகி, அரக்கன், வேட்டி எனத் தொலைவிலிருந்து நோக்குவோர் இந்தியாவை அடையாளம் காணும் பொருள்களே அதில் நிரம்பியுள்ளன. கிராமத்திலிருந்து உதவித்தொகை பெற்றுப் பெருநகரப் பள்ளிக்கு வந்த ஏழை மாணவன் உடையாலும் நடையாலும் இகழப்படுகிறான் என்னும் உண்மையான கரு அதில் இருந்தது. அதனை வளர்க்காமல் அரக்கனிடம் கதையை ஒப்படைத்துவிட்டனர். அவ்விகழ்ச்சி இடம்பெறும் சில பக்கங்களே இன்றும் படிக்கத் தக்கனவாக நிற்கின்றன.

தொகுத்தலாயினும் விரித்தலாயினும் மொழிபெயர்த்தலாயினும் முதல்நூலின் பொருள் மாறுவதில்லை. அளவும் மொழியுமே மாறுகின்றன. 2024ஆம் ஆண்டின் புதுவரிசைகள் பொருளிலேயே கைவைக்கின்றன. ஆதலின் அவற்றை மதிப்பிட மரபியல் போதாது, அகத்திணையியலுக்குச் செல்லவேண்டியுள்ளது.

முதல், கரு, உரி

அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பது நம் மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணா, விலங்கு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கம் உரிப்பொருள். உரியல்லாத ஏனையவை ஒன்றோடொன்று மயங்கி வரலாம் எனத் தொல்காப்பியர் இசைவளிக்கிறார். குறிஞ்சிப் பூ முல்லையில் பூத்தாலும் பாட்டுக்கு இழுக்கில்லை. ஒழுக்கம் மாறினால் திணையே வேறாகிவிடும்.

சூப்பர் ஹீரோ கதைக்கும் இம்மூன்றும் உண்டு. பேட்மேனுக்குக் காத்தம் நகரும் இரவும் முதற்பொருள். மாளிகை, குகை, ஊர்தி, பணியாளர் ஆல்ஃபிரட், எண்ணற்ற செல்வம் ஆகியன கருப்பொருள். சிறுவயதில் கண்முன் நிகழ்ந்த கொலையும் அதனால் தீராத இரங்கலும் உரிப்பொருள். இக்கதைகளை மாதந்தோறும் படிப்போர் இப்பெயர்களால் சுட்டாவிடினும் இப்பகுப்பை நன்கு உணர்ந்தவர்களே. 'இவன் பேட்மேனே அல்லன்' என்று அவர்கள் சினந்து கூறும்போது, உரிப்பொருள் கெட்டுவிட்டது என்றே கூறுகின்றனர்.

அப்சல்யூட் பேட்மேன்

ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரைந்த 'அப்சல்யூட் பேட்மேன்' முதல் இதழ் 2024 அக்டோபரில் வெளிவந்தது. பலமுறை மறு அச்சும் கண்டது. 1939இல் பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரும் படைத்த பேட்மேனிடமிருந்து கருப்பொருள் அனைத்தையும் ஸ்னைடர் பறித்துக்கொள்கிறார். புரூஸ் வெய்ன் இங்குச் செல்வந்தன் அல்லன்; நகரத்துக்காக உழைக்கும் இளம் கட்டுமானப் பொறியாளன். தந்தை தாமஸ் பள்ளியாசிரியர். மாணவர்களை விலங்குக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்ற நாளில் துப்பாக்கிச்சூடு நிகழ, அவர்களைக் காக்க முற்பட்டு அவர் உயிரிழக்கிறார். தாய் மார்த்தா உயிரோடிருக்கிறாள். பழைய கதைகளில் பகைவராக வந்த கில்லர் கிராக், பென்குவின், ரிட்லர், டூ ஃபேஸ் ஆகியோர் இங்கு அவனோடு வளர்ந்த தெருத் தோழர்கள். ஆல்ஃபிரட் பணியாளர் அல்லர். அவனை வேவு பார்க்க வந்த பிரித்தானிய உளவாளர். செல்வமும் பயிற்சியும் உலகளாவிய வலைப்பின்னலும் எல்லாம் ஜோக்கரிடம் சேர்ந்துவிட்டன.

இம்மாற்றம் பழையதொரு குற்றச்சாட்டுக்கு விடையாகும். கோடீசுவரன் ஒருவன் இரவில் முகமூடியணிந்து ஏழைக் குற்றவாளிகளைப் புடைப்பதில் என்ன அறம் உண்டு என்பது நெடுநாளாகக் கேட்கப்பட்டு வரும் வினா. ஸ்னைடர் அவ்வினாவை வாதத்தால் எதிர்கொள்ளாமல் கதைமாந்தரின் வகுப்பை மாற்றி எதிர்கொள்கிறார். இராவண காவியம் செய்த இடமாற்றத்தை இது நினைவூட்டுகிறது. புரூஸ் பொறியாளனாக இருப்பது வெறும் தொழில்மாற்றமாக நின்றுவிடவில்லை. எந்தச் சுவர் எவ்வளவு சுமை தாங்கும், எந்தத் தூண் எங்கே பலவீனம் என்னும் அறிவே அவனுக்குப் படைக்கலமாகிறது. நகரத்தை மேலிருந்து காக்கும் பழைய பேட்மேனைப் போலன்றி இவன் அதன் அடித்தளத்தை அறிந்தவன்.

உரிப்பொருள் கெட்டதா எனின், இல்லை என்பதே என் விடை. தாய் உயிரோடிருப்பதால் இரங்கல் குறைந்துவிடவில்லை. அச்சம் ஒன்று அதனோடு சேர்கிறது. முன்னவன் இழக்க எதுவுமற்றவன். இவனுக்குத் தாயும் தோழரும் உளர். கதையை ஆல்ஃபிரடின் பார்வையில் கூறியிருப்பதும் தக்க உத்தியே. புரூஸை நாம் ஓர் அயலான் கண்கொண்டு முதலில் ஐயுற்றும் பின்னர் வியந்தும் காண்கிறோம்.

ஆயினும் மிகைபடக் கூறல் என்னும் நூற்குற்றம் இவ்விதழில் மலிந்துள்ளது. டிராகோட்டாவின் பேட்மேன் மனித உடலின் எல்லையைக் கடந்து பருத்தவன். மார்பிலுள்ள வௌவால் சின்னமே கழன்று கோடரியாகிறது. காதுகள், தோள்கள், மேலாடை எனத் தொட்ட இடமெல்லாம் ஆயுதம். இல்லாதவன் தன் உடலையே ஆயுதமாக்குகிறான் என்று இதற்குப் பொருள் உரைக்கலாம், உரைத்தும் உள்ளனர். ஆனால் பக்கந்தோறும் உச்சமெனில் உச்சம் என்பதே இல்லாமற் போகிறது. பின்வரும் இதழ்களிலும் இக்குறை நீங்கவில்லை; வன்முறையின் அளவு கூடிக்கொண்டே சென்றது.

அல்டிமேட் ஸ்பைடர்மேன்

ஜானதன் ஹிக்மன் எழுத்திலும் மார்க்கோ செக்கெட்டோ ஓவியத்திலும் 2024 ஜனவரியில் வெளிவந்த புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதல் இதழே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். இதில் மயங்கியிருப்பது கருப்பொருளன்று, உரிப்பொருளே.

1962ஆம் ஆண்டுக் கதையின் உயிர்நிலை எது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆற்றல் பெற்ற சிறுவன் தப்பியோடும் திருடன் ஒருவனைத் தடுக்காமல் விடுகிறான். அத்திருடனே அவனை வளர்த்த பென்னைக் கொல்கிறான். குற்றவுணர்வே ஸ்பைடர்மேனின் உரிப்பொருள். இந்திய வடிவம்கூட இதனைத் தொடத் துணியவில்லை. பீம் மாமா இறந்தே ஆகவேண்டியிருந்தது.

ஹிக்மனின் கதையில் பென் உயிரோடிருக்கிறார். இறந்தவர் அவருடைய மனைவி மே. பீட்டர் முப்பது வயதைக் கடந்தவன். மேரி ஜேனை மணந்து ரிச்சர்ட், மே என இரு குழந்தைகளுக்குத் தந்தை. நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அவனைக் கடித்திருக்கவேண்டிய சிலந்தி கடிக்கவே இல்லை. 2023இல் ஹிக்மனும் பிரையன் ஹிட்சும் படைத்த 'அல்டிமேட் இன்வேஷன்' கதையில், மேக்கர் எனப்படும் வில்லன் இவ்வுலகின் வீரர்கள் உருவாகாதபடி அவரவர் தொடக்கங்களைத் திருடிவிடுகிறான். பீட்டரிடமிருந்து திருடப்பட்டது அந்தச் சிலந்தி. ஆகவே முதல் இதழ் முழுவதும் பீட்டர் வானில் தாவுவதில்லை. உண்கிறான், குடும்பத்தோடு பேசுகிறான், இறந்தோர் நினைவில் நிற்கிறான், தன் வாழ்வில் ஏதோ ஒன்று குறைகிறது என உணர்கிறான், அது யாதென்று அறியான்.

இங்கு ஹிக்மன் செய்திருக்கும் நுட்பம் தமிழ்த் திறனாய்வாளரின் கவனத்துக்கு உரியது. வழிநூல் ஒன்று தான் வழிநூல் என்பதை அறிந்திருப்பதில்லை. கம்பனின் இராமன் வான்மீகத்தை நினைப்பதில்லை. ஹிக்மனின் பீட்டரோ முதல்நூலை மங்கலாக நினைக்கிறான். படிப்போர் 1962ஆம் ஆண்டுக் கதையை அறிவர், பீட்டர் அறியான், அவ்விடைவெளியே அவனுடைய ஏக்கமாகிறது. வாசகரின் இலக்கிய நினைவு கதைமாந்தனின் மனக்குறையாக மாற்றப்பட்டிருக்கிறது. மூலத்தினின்று வேறுபடுதல் என்னும் புலவனின் உரிமை, இங்குக் கதைக்குள்ளே ஒரு களவாகக் காட்டப்பெறுகிறது.

இதழின் இறுதியில் அச்சிலந்தி அவனிடம் வந்து சேர்கிறது. அவனே அதனைக் கடிக்க விடுகிறான். 1962இல் தற்செயல், 2024இல் தெரிவு. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு நேர்ந்த விபத்தை நடுவயதுத் தந்தை விரும்பி ஏற்கும்போது கதையின் அறம் முற்றிலும் வேறாகிறது. இரு குழந்தைகளை உடையவன், நல்ல மனைவியை உடையவன், அமைதியான வாழ்வைத் தன் கையாலேயே கலைக்கலாமா? முதல் இதழ் இவ்வினாவைத் தூண்டிவிட்டு நிற்கிறது. விடை சொல்லும் அவசரம் அதற்கில்லை. என் வகுப்பில் இவ்விதழைப் படித்த மாணவருள் மணமாகாதோர் இதனை வீரம் என்றனர். குடும்பத்தோடு விடுதிக்கு வெளியே குடியிருக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் மட்டும் நெடுநேரம் பேசாதிருந்து, 'அவளைக் கேட்டிருக்கலாம்' என்றார். அவ்வொரு தொடரை விஞ்சும் திறனாய்வை நான் எழுதிவிட்டதாக நினைக்கவில்லை.

பென் உயிரோடிருப்பதன் பயன் வேறொன்று. அவரும் ஜே. ஜோனா ஜேம்சனும் முதிய பத்திரிகையாளர்களாக இணைந்து நிற்கின்றனர். வில்சன் ஃபிஸ்க் கைக்குப் போன நாளிதழில் உண்மையை அச்சிட இயலாதெனக் கண்டு இருவரும் வெளியேறுகின்றனர். அறுபது ஆண்டுகளாக ஒரு கல்லறையாகவும் ஓர் அறிவுரையாகவும் மட்டும் இருந்த பென், முதன்முறையாக மனிதராகிறார். இவ்விரு முதியோரும் உணவுமேசையில் உரையாடும் பக்கங்களைச் சண்டைக்காட்சி வேண்டுவோர் சலித்துக் கடப்பர். இத்தொடரின் மிகச் சிறந்த எழுத்து அப்பக்கங்களிலேயே இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஒழுக்கம் மாறினால் திணை மாறும் என்றோம். குற்றவுணர்வு நீங்கிய இடத்தில் ஏக்கம் வந்து அமர்ந்துள்ளது. முன்னது இரங்கல் எனின் இது ஒருவகைப் பாலை. தான் வாழாத வாழ்வினின்று தான் பிரிந்திருத்தல். எனவே இது ஸ்பைடர்மேன் கதையன்று என வாதிடுவோரை மறுக்க இயலாது. அது வேறு கதை. அதுவும் நல்ல கதை. பெயர் ஒன்றாயிருப்பதே தடுமாற்றத்தின் காரணம்.

குறையும் உண்டு. கதைக்காலமும் வெளியீட்டுக் காலமும் ஒத்தோட வேண்டும் என்பது இவ்வரிசையின் விதி. ஓர் இதழுக்கும் அடுத்ததற்கும் இடையே கதையிலும் ஒரு திங்கள் கழியும். பெரும்பொழுதை இத்துணைக் கறாராகக் கையாண்ட தொடர் அரிது. அதனால் நேர்வது யாதெனில், முக்கியமான நிகழ்ச்சிகள் சில இதழ்களுக்கு இடைப்பட்ட வெளியில் நடந்து முடிந்து, பின்னர் செவிவழிச் செய்தியாக நமக்கு வந்து சேர்கின்றன. குன்றக் கூறல் என இதனைச் சுட்டுவதில் தவறில்லை.

அப்சல்யூட் சூப்பர்மேன்

ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாண்டோவல் வரைந்த இத்தொடர் 2024 நவம்பரில் தொடங்கியது. கிரிப்டான் கோளின் அறிவியல் மேலோர் குலத்தில் பிறந்த சூப்பர்மேன் இங்கு உழைக்கும் வகுப்பில் பிறக்கிறான். அவன் மார்பிலுள்ள எழுத்துப் போன்ற குறியே அவ்வகுப்பின் அடையாளம். புவிக்கு வந்தபின் பிரேசில் நாட்டு வைரச் சுரங்கமொன்றில் தொழிலாளரோடு தொழிலாளனாக மறைந்து வாழ்கிறான். எதிரில் நிற்பது லாசரஸ் என்னும் பெருநிறுவனமும் அதன் கூலிப்படையும். லோயிஸ் லேன் செய்தியாளர் அல்லள்; அந்நிறுவனத்தின் அலுவலர்.

இது புரட்சிகரமான புத்தாக்கம் என விளம்பரமும் மதிப்புரைகளும் பாராட்டின. மூலத்தை அறிந்தோர் அவ்வாறு கூறார். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் 1938இல் படைத்த சூப்பர்மேன், தோன்றிய சில திங்களுக்குள்ளேயே, 'ஆக்சன் காமிக்ஸ்' 3ஆம் இதழில் சுரங்கத் தொழிலாளி வேடம் பூண்டு, பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உரிமையாளனையும் அவன் விருந்தினரையும் அச்சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்துப் பாடம் புகட்டினான். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்து இளைஞர் இருவரின் சினம் அது. பின்வந்த பதிற்றாண்டுகளில் சூப்பர்மேன் ஒழுங்கின் காவலனாக மென்மைப்படுத்தப்பட்டான். ஆதலின் ஆரன் செய்திருப்பது பெயர்ந்துபோன உரிப்பொருளைப் பழைய இடத்தில் மீள வைத்தலாகும். சீகலும் ஷூஸ்டரும் தம் படைப்பின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் என்பதை நினைந்தால், உழைப்பைச் சுரண்டும் நிறுவனமே இக்கதையில் பகைவனாக வருவது வேறொரு பொருளையும் பெறுகிறது. அப்பொருள் ஆரன் கருதியதா என்பது தெரியாது. பதிப்பித்தவர் கருதியிருக்கமாட்டார்.

சீகல் தமிழ் வாசகருக்கு முற்றும் அயலாரல்லர். பிரித்தானிய 'லயன்' இதழுக்காக அவர் 1960களில் எழுதிய ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளே சிவகாசி லயன் காமிக்ஸின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்ச் சிறுவரைக் கட்டிப்போட்டவை. அவ்வாசகர் பலர் சூப்பர்மேனைப் படைத்த கையே இதனையும் எழுதியது என்பதை அறியாமலே வளர்ந்தனர்.

கருத்தால் உயர்ந்த இவ்விதழ் கூற்றால் தாழ்கிறது. சூப்பர்மேனின் ஆடையில் உறையும் சால் என்னும் செயற்கை அறிவு எழுத்துரைக் கட்டங்களில் ஓயாது பேசிக்கொண்டே இருக்கிறது. சாண்டோவலின் ஓவியம் தூசியும் செம்மண்ணும் கலந்த புயலாக ஒரு மேலாடையைக் காட்டும்போது, அதனை விளக்க ஒரு சொல்லும் வேண்டியதில்லை. உரையாசிரியர் மூலத்துக்குள்ளேயே புகுந்து அமர்ந்துகொண்டது போல இருக்கிறது.

அப்சல்யூட் ஒண்டர் உமன்

இந்நான்கனுள் மிகுபுனைவின் எல்லைக்குள் முழுதும் நுழைவது கெல்லி தாம்ப்சன் எழுத்திலும் ஹேடன் ஷெர்மன் ஓவியத்திலும் ஜார்டி பெல்லேர் வண்ணத்திலும் 2024 அக்டோபரில் வெளிவந்த இவ்விதழே. இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

1941இல் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் படைத்த டயானா, ஆடவர் இல்லாத தீவொன்றில் அரசியின் மகளாக, எண்ணற்ற உடன்பிறப்பன்ன தோழியரிடையே வளர்ந்தவள். அவளுடைய அன்பும் வாய்மையும் அச்சூழலின் விளைவுகள் எனக் காட்டப்பட்டன. தாம்ப்சன் அச்சூழலை முழுவதும் நீக்குகிறார். கைக்குழந்தையான டயானாவை அப்பல்லோ நரகத்திலுள்ள காட்டுத் தீவொன்றுக்குக் கொணர்ந்து, அங்குச் சிறையிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் ஒப்படைக்கிறான். சர்சி குழந்தையை வேண்டியவள் அல்லள். அன்பு செய்யத் தெரிந்தவளும் அல்லள். அமேசான் என்னும் குலப்பெயரைச் சொல்லுதல் தேவர்களால் தடை செய்யப்பட்டுள்ளது. எக்குலத்தின் கடைசிப் பிறவியோ அக்குலத்தின் பெயரையே கேளாமல் ஒரு பெண் வளர்கிறாள்.

பின்னர் வான் பிளந்து கொடிய உயிர்கள் நகரத்தின்மேல் இறங்கும்போது, எலும்புக்கூடாகிய பெகசஸ் குதிரைமீது, தன்னினும் நீண்ட வாளேந்தி அவள் வருகிறாள். தோற்றம் கொற்றவையை நினைவூட்டுவது. அவ்வொப்புமையை நீட்டிச் செல்ல நான் விரும்பவில்லை. பெண் தெய்வம் ஆயுதமேந்திய இடமெல்லாம் கொற்றவையைக் காண்பது நம் ஆய்வுகளில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. இங்குக் கருதத்தக்கது வேறு. தோற்றம் முழுவதும் அச்சம். இயல்பு முழுவதும் கனிவு. அவள் முதலில் நோக்குவது அஞ்சி நிற்கும் மாந்தரை. கொல்லுதல் வேண்டுமிடத்தும் அவள் அதனை மகிழ்ந்து செய்வதில்லை.

மார்ஸ்டனின் டயானா நல்லவள் ஆனதற்குத் தீவு காரணம். தீவை எடுத்துவிட்டால் என்ன எஞ்சும் என்னும் சோதனையைத் தாம்ப்சன் மேற்கொள்கிறார். கருப்பொருள் அனைத்தும் மறுதலையாகியும் உரிப்பொருள் அசையவில்லை. அசையாததோடு ஆழமும் பெறுகிறது. ஏனெனில் இப்போது அந்த அன்புக்குச் சூழல் என்னும் காரணம் இல்லை. அது சர்சிக்கும் குழந்தைக்கும் இடையே, இருவரும் எதிர்பாராத வகையில், சிறுகச் சிறுக விளைந்தது. வளர்த்தவளைக் குழந்தை மாற்றியதா, குழந்தையை வளர்த்தவள் மாற்றினாளா எனப் பிரித்தறிய இயலாதபடி பின்னோக்குக் காட்சிகள் அமைந்துள்ளன. முதல் இதழின் நிகழ்காலப் போர்க்காட்சிகளைவிட அப்பின்னோக்குகளுக்கே நான் மீண்டும் மீண்டும் சென்றேன். பின்வரும் இதழ்களில், நரகத்தில் வந்து விழுந்த ஸ்டீவ் டிரெவர் என்னும் மனிதனைத் திருப்பி அனுப்பும் வழி திறப்பதற்கு அவள் தன் கையையே விலையாகத் தருகிறாள். அதனை அவள் ஒரு தியாகமாக அறிவிப்பதில்லை. வாங்கிய பொருளுக்கு விலை கொடுப்பதுபோல் கொடுக்கிறாள்.

ஷெர்மனின் பக்க அமைப்பைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள். சித்திரக்கதையில் கட்டங்களின் அமைப்பு யாப்பை ஒத்தது. பெரும்பாலான ஓவியர் வெண்பாவுக்குரிய கட்டுப்பாட்டோடு நேர்க்கோட்டுச் சதுரங்களில் வரைவர். ஷெர்மன் பக்கத்துக்குப் பக்கம் யாப்பை மாற்றுகிறார். கட்டங்கள் சாய்கின்றன, வளைகின்றன, கோபுரம்போல் நீள்கின்றன. எனினும் கண் எங்குச் செல்லவேண்டும் என்பதில் ஐயம் எழுவதில்லை. டிராகோட்டாவிடம் வேகமாக வெளிப்படும் ஆற்றல் இவரிடம் ஒழுங்காக வெளிப்படுகிறது. அடர்ந்த கருமையினூடே பெல்லேர் இடும் செந்நிறம் நரகத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றே என்பதும் கவனிக்கத்தக்கது. அவளுக்கு அதுதானே வீடு.

இவ்விதழைத் தமிழில் பெயர்க்க முயன்ற மாணவர் ஒருவர் ஓரிடத்தில் இடர்ப்பட்டு என்னிடம் வந்தார். தடைசெய்யப்பட்ட அந்தக் குலப்பெயர்தான் சிக்கல். எழுத்துப்பெயர்ப்பாக 'அமேசான்' என்று இட்டால் இன்றைய தமிழ் வாசகர் நினைவுக்கு முதலில் வருவது பொருள்களை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம். அடுத்து வருவது ஆறு. தேவர்கள் அஞ்சித் தடைசெய்த சொல்லாக அது ஒலிக்காது. 'மறத்தியர்' எனலாம் என்றார் ஒருவர்; அது வேறொரு குலத்தின் பெயராகிவிடும் என்றார் மற்றொருவர். சொல்லையே எழுதாமல், அவ்விடத்தில் பேச்சுக்குமிழை வெறுமையாக விட்டுவிடலாமா என்று அம்மாணவர் கேட்டார். அப்படி விட்ட பக்கத்தை வரைந்தும் காட்டினார். கிரேக்க மரபு அறியாத வாசகர் அதனை அச்சுப்பிழை என எண்ணக்கூடும் என்று அப்போது நான் மறுத்தேன். அப்பக்கம் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது.